கூழுக்கு யாரைக் கூப்பிடுகிறோம்?



இந்த மாத ஆசிரியர் பக்கத்துக்கு வாடகை உயர்வு பற்றி எழுதித் தருவதாகத்தான் சொல்லியிருந்தேன். பாதி எழுதியும் முடித்துவிட்டேன். அதை அடுத்த மடலுக்குத் தள்ளிவைக்கலாமா எண்டு மற்றத் தோழர்களிடம் கேட்டுவிட்டு, ஒக்டோபர் 13, தாங்ஸ்கிவிங் திங்கட்கிழமை இரவு எங்கட பேஸ்மென்டில் நடந்த கூழ் விருந்தைப் பற்றி எழுதுகிறேன். அன்றைக்கு வந்த 21 பேரில் பாதிப் பேர் இந்த மடலை வாசிக்கிறவர்கள். "நல்லா இருந்தது, அடுத்த வருசமும் வையுங்கோ" எண்டு நிறையப் பேர் மெசேஜ் போட்டிருந்தீர்கள். நன்றி. ஆனால் குசினிக்குள் என்ன நடந்தது எண்டு உங்களில் ஆறேழு பேருக்குத்தான் தெரியும்.

முதலில், ஏன் தாங்ஸ்கிவிங்? குழுவுக்குள்ளேயே இந்தக் கேள்வி வந்தது. குடியேற்றக்காரர் தங்களுக்குத் தாங்களே நன்றி சொல்லிக்கொள்கிற நாளை நாங்கள் ஏன் தூக்கிப் பிடிக்க வேண்டும்? நியாயமான கேள்விதான். எனக்கும் அந்த நாளோடு பெரிய உறவு ஒன்றும் இல்லை. நான் ஸ்காபரோவில் பிறந்தவள். பள்ளிக்கூடத்தில் கையைப் பேப்பரில் வைத்துச் சுற்றிக் கோடு போட்டு டேர்க்கி கீற வைத்தார்கள். வீட்டுக்குக் கொண்டுவந்து காட்டினபோது அம்மா, "இதென்ன பிள்ளை, மயிலோ?" எண்டு கேட்டா. பிறகு ஒரு வருசம் அப்பா வேலை செய்த தொழிற்சாலையில் எல்லாருக்கும் ஆளுக்கொரு டேர்க்கி குடுத்தார்கள். கல்லுமாதிரி உறைந்த சாமான், எங்கட வீட்டில் இருந்த எந்தச் சட்டிக்குள்ளேயும் அடங்கவில்லை. அப்பா பல்கனியில் வைத்துக் கொத்தினார். நாலு நாள் இடியப்பத்தோடும் பாணோடும் டேர்க்கிப் பிரட்டல். "சம்பளத்தைக் கூட்டச் சொன்னா கோழியைத் தாறாங்கள்" எண்டு அப்பா சொன்னதுதான் நான் கேட்ட முதல் தொழிற்சங்கப் பேச்சு.

ஆனால் லீவு நாள் லீவு நாள்தான். அந்த மூன்று நாளும் பல்கலைக்கழக விடுதிகள் வெறிச்சோடிப் போகும். படிக்க வந்து ஒரு வருசம்கூட ஆகாத பெடியள், அகதிக் கோரிக்கை விசாரணைக்காகக் காத்திருக்கிறவர்கள், தாங்கள் யாரைக் காதலிக்கிறார்கள் எண்டு சொன்ன நாளிலிருந்து வீட்டுப் படியேற முடியாத தோழிகள் எல்லாரும் அறையைப் பூட்டிக்கொண்டு கிடப்பார்கள். ரொறன்ரோவில் தமிழருக்குத் தனிமையே இல்லை எண்டு ஒரு கதை இருக்கிறது. கலியாண மண்டபத்தில் 500 பேரைப் பார்க்கிறவர்கள் சொல்லுகிற கதை அது. அவர்களுக்காகத்தான் அந்த நாளைத் தெரிந்தோம்.

நில அறிக்கை வாசிப்பதா இல்லையா எண்டதிலும் சண்டை. எல்லாக் கூட்டத்திலும் ஒருவர் எழும்பி ஒரே பந்தியை ஒரே குரலில் வாசிக்க, மற்றவர்கள் தலையைக் குனிந்து போன் பார்ப்பதை எல்லாரும் கண்டிருக்கிறோம். கடைசியில் அதை விட்டுவிட்டு, ஒரு தோழி சாப்பாட்டோடு சேர்ந்த ஒரு விசயத்தை மட்டும் ஐந்து நிமிடம் சொன்னா. நாங்கள் இருக்கிற ரொறன்ரோவின் கிழக்குப் பக்கத்தை 1923இல் போடப்பட்ட வில்லியம்ஸ் உடன்படிக்கைகள் தொடுகின்றன. மிசிசாகா, சிப்பேவா மக்களின் ஏழு சமூகங்கள் அதில் கையெழுத்திட்டன. அதற்குப் பிறகு, ரிசர்வுக்கு வெளியே அவர்களுக்கு வேட்டையாடவும் மீன்பிடிக்கவும் தனி உரிமை எதுவும் இல்லை எண்டே அரசுகள் நடந்துகொண்டன. தன் முன்னோர் மீன்பிடித்த ஆற்றில் மீன்பிடித்த ஒருவருக்குக் கிடைத்த தண்டனையை 1994இல் உச்ச நீதிமன்றமே உறுதிப்படுத்தியது. 2018இல்தான் இணக்கம் வந்தது, அரசுகள் மன்னிப்புக் கேட்டன, அந்த உரிமையை ஏற்றுக்கொண்டன. நடுவில் 95 வருசம். ஆற்றில் மீன் இருக்கு, பிடித்தால் குற்றம். இதைக் கேட்ட பிறகு நண்டுக் கூழ் குடிப்பது கொஞ்சம் வேறமாதிரித்தான் இருந்தது.

நேரம் வைத்ததில் நாங்கள் விட்ட பிழையையும் சொல்ல வேண்டும். பின்னேரம் 2 மணி எண்டு அறிவித்தோம். உடனே வாட்ஸப்பில் ஒரு பெடியன் கேட்டான்: "அக்கா, எந்த லீவு?" ஏஜென்சி மூலம் பார்சல் பிரிக்கிற கிடங்கில் வேலை செய்கிறவன். ஒன்ராறியோவில் சட்டப்படி ஒன்பது பொது விடுமுறைகள் உண்டு, தாங்ஸ்கிவிங் அதில் ஒன்று. ஆனால் விடுமுறைச் சம்பளம் எப்படிக் கணக்குப் பார்க்கிறார்கள் எண்டு எத்தனை பேருக்குத் தெரியும்? விடுமுறை வாற கிழமைக்கு முந்திய நாலு கிழமையில் உழைத்ததைக் கூட்டி 20ஆல் பிரிப்பார்கள். போன கிழமைதான் வேலைக்குச் சேர்ந்த ஒருவருக்குக் கிடைப்பது சில்லறைதான். அதோடு, விடுமுறைக்கு முந்திய கடைசி வேலைநாளோ அடுத்த முதல் வேலைநாளோ தகுந்த காரணம் இல்லாமல் நின்றால் அந்தச் சில்லறையும் இல்லை.

இந்த நாள் அறுவடைக்கு நன்றி சொல்லுகிற நாள் எண்டுதான் 1957இல் அரசு பிரகடனம் செய்து, ஒக்டோபர் இரண்டாம் திங்கள் எண்டு நிலைநிறுத்தியது. அந்த அறுவடையைச் செய்கிற தோட்டத் தொழிலாளர்களில் பெரும்பாலானோரை ஒன்ராறியோவின் பொது விடுமுறைச் சட்டம் கணக்கில் எடுப்பதில்லை. பழமும் மரக்கறியும் புகையிலையும் பறிக்கிறவர்களுக்கு 13 கிழமை தொடர்ந்து வேலை செய்த பிறகுதான் அந்த உரிமை. 1966இல் ஜமேக்காவிலிருந்து ஆட்களைக் கூட்டிவந்து தொடங்கிய பருவகால விவசாயத் தொழிலாளர் திட்டம் இன்றைக்கும் நடக்கிறது. எட்டு மாதத்துக்கு மேல் நிற்க முடியாது, டிசம்பர் 15க்குள் நாட்டை விட்டுப் போய்விட வேண்டும். மலையகக் குடும்பத்தில் பிறந்த தோழர் ஒருவர் இதைக் கேட்டுவிட்டு, "எங்க ஆளுங்களுக்கும் அதத்தானே சொன்னாங்க, கொழுந்து பறிக்க வா, பிரசாவுரிமை மட்டும் கேக்காதே" எண்டார். 1948ஐ இதைவிடச் சுருக்கமாக யாரும் எனக்குச் சொல்லித் தந்ததில்லை.

சரி, விருந்தை இரவு 8:30க்கு மாற்றினோம். அப்படியும் இரண்டு பேருக்கு இரவு ஷிப்ட். வந்து பத்து நிமிடம் நின்று, தேர்மோஸ் போத்தலில் கூழை வாங்கிக்கொண்டு பஸ்ஸுக்கு ஓடினார்கள். காசுக்கு ஒரு பிஸ்கட் ரின்னை பாத்ரூமுக்குள்ளே வைத்தோம், யார் போட்டார்கள், யார் போடவில்லை எண்டு யாருக்கும் தெரியாமல் இருக்க. நண்டு வாங்கின காசில் முக்கால்வாசி திரும்பி வந்துவிட்டது. இது எங்களுக்குச் சரிவந்த விசயம், நீங்களும் செய்து பாருங்கோ.

கூழ் அம்மாவின் கை. அம்மா மத்தியானமே இரண்டு பஸ் மாறி, தன்ர கத்தியையும் பழைய பேப்பரில் சுற்றிக் கொண்டு வந்தா. ஒடியல் மாவை முதல் நாளே தண்ணீரில் ஊறவிடச் சொல்லியிருந்தா, கைப்புப் போக. மேலே தெளிந்த தண்ணீரை மெதுவாய் ஊற்றிவிட்டு அடியில் நிற்கிற மாவை எடுக்க வேண்டும். நண்டு, இறால், கணவாய், மீன்தலை, பயத்தங்காய், மரவள்ளிக்கிழங்கு, பலாக்கொட்டை, ஒரு சிறங்கை அரிசி. எல்லாம் அவிந்த பிறகு அரைத்த செத்தல் மிளகாயும் பழப்புளியும் கரைத்த மாவும். மூன்று பேருக்குத் தனியாய் மரக்கறிக் கூழ். எங்கட ஆண் தோழர்கள் நாலு மணிக்கு வந்தார்கள். ஒருவர் பயத்தங்காய் முறித்தார். ஒருவர் அம்மாவின் கையை வீடியோ எடுத்தார், "பாட்டிமாரின் அறிவு" எண்டு தலைப்புப் போட. அம்மாவுக்கு 54 வயது, இன்னும் ஒரு பேரப்பிள்ளையும் இல்லை. நண்டு உடைக்க ஒருவரும் முன்வரவில்லை.

சிரட்டை என்ர யோசனை.

ஊரில் கூழைப் பிலாவிலையைக் கோலிக் குடிப்பார்கள் எண்டு கேட்டு வளர்ந்தவள் நான். பிலாவிலைக்கு இங்கே எங்கே போவது? ஒன்லைனில் தேடினபோது சிரட்டைக் கோப்பைகள் கண்ணில் பட்டன. மினுக்கி, எண்ணெய் பூசி, ஆடாமல் நிற்க அடியில் சின்ன வளையம் ஒட்டின சிரட்டைகள். 24 வாங்கினேன். பிளாஸ்ரிக் வேண்டாம், பேப்பர் கோப்பை வேண்டாம், எங்கட மண்ணின் பொருள் எண்டு குழுவுக்கு விளக்கமும் எழுதினேன். வரிசையாய் அடுக்கிப் படம் எடுத்தேன். அந்தப் படம் இந்த மடலின் முகப்பில் வந்திருக்க வேண்டியது.

ஒன்பதே காலுக்கு ஒரு நண்பன் வேலை முடிந்து வந்தான். யாழ்ப்பாணத்தில் பிறந்து வளர்ந்து இரண்டு வருசத்துக்கு முன் படிக்க வந்தவன், என்னைவிட இரண்டு வயது இளையவன். எங்கட வாசிப்பு வட்டத்துக்கு ஒழுங்காய் வாறவன். குளிருக்குள் நடந்து வந்திருக்கிறான் எண்டு, சூடாய் ஒரு சிரட்டை நிறைய ஊற்றி, இரண்டு கையாலும் நீட்டினேன். அவன் கையை நீட்டவில்லை.

"அக்கா, வேறை கோப்பை இல்லையோ?"

நான் சிரித்தேன். இப்ப நினைத்தாலும் அந்தச் சிரிப்புத்தான் முதலில் ஞாபகம் வருகிறது. "ஏன்ரா, ரெண்டு வருசத்திலை கனடாக்காரனாயிட்டியோ? ஊரிலை இதிலைதானே குடிச்சிருப்பாய்!"

"ஓம் அக்கா. அப்பப்பாவுக்கு இதிலைதான் ஊத்தினவை."

பக்கத்தில் நின்ற இரண்டு பேர் சிரித்தார்கள். ஏதோ பழைய ஊர்க்கதை எண்டு நினைத்திருப்பார்கள். மற்றவர்களுக்கு விளங்கிவிட்டது. எனக்கும் விளங்கிவிட்டது. நான் என்ன செய்தேன்? சிரட்டையை மேசையில் வைத்துவிட்டு, அலுமாரியில் இருந்து ஒரு பீங்கான் கோப்பை எடுத்து, அதே கூழை மாற்றி ஊற்றி, "சாப்பிடு, ஆறப்போகுது" எண்டேன். அவ்வளவுதான். இரண்டு நிமிடத்தில் யாரோ பாட்டைப் போட்டார்கள். கூழைக் குடித்துவிட்டு அவன் சிங்குக்குப் போய் அம்மாவோடு நின்று பெரிய பானையைத் தேய்க்கத் தொடங்கினான். நான் தடுக்கவும் இல்லை. விருந்துக்கு வந்தவர்களில் கடைசியாய் வந்து முதலில் பானை கழுவினவன் அவன்தான்.

பஸ் வரும்வரை அவனோடு தரிப்பிடத்தில் நின்றேன். மன்னிப்புக் கேட்டேன். "நீங்கள் வேணுமெண்டு செய்யேல்லை எண்டு தெரியும்" எண்டான், பிறகு, "அதுதான் கூடக் கோவம் வருது" எண்டான். அப்பப்பா தேத்தண்ணிக் கடைக்குப் போனால் உள்ளே இருக்க விடமாட்டார்கள். வெளியே நின்று, சிரட்டையில் உயரத்திலிருந்து ஊற்றுவதை வாங்கிக் குடித்துவிட்டு, கழுவிவைத்துவிட்டு வரவேண்டும். 66ஆம் ஆண்டு சுன்னாகத்தில் பொலிஸிடம் அடி வாங்கினவர்களில் அவரும் ஒருவர். அதற்குப் பிறகு சாகும்வரை வீட்டுக்குள் சிரட்டையில் செய்த ஒரு சாமானும் வைக்க விடவில்லையாம். அகப்பைகூட இல்லை, தகரக் கரண்டிதான். அப்பம்மா குழம்பு கிண்டும்போது கரண்டிக் காம்பு சுட்டுச் சுட்டு அவவின் விரலில் தழும்பு இருந்தது எண்டும் சொன்னான். அதைச் சொல்லும்போது மட்டும் கொஞ்சம் சிரித்தான்.

எனக்கு இது தெரியாத வரலாறு எண்டால் ஒரு சாட்டாவது இருந்திருக்கும். தெரியும். போன வருசம் இதைப் பற்றி 30 பக்கக் கட்டுரை எழுதி நல்ல மார்க்ஸும் எடுத்தவள் நான். 1930ஐ ஒட்டின ஆண்டுகளில் பள்ளிக்கூடத்தில் எல்லாச் சாதிப் பிள்ளைகளும் ஒரே வாங்கில் இருக்க வேண்டும், சேர்ந்து சாப்பிட வேண்டும் எண்டு சம ஆசனமும் சம போசனமும் கேட்கப்பட்டபோது, யாழ்ப்பாணத்தில் பள்ளிக்கூடங்களைக் கொளுத்தினார்கள். கொளுத்தினவர்கள் வெளியிலிருந்து வந்த யாரும் இல்லை, தமிழர்தான். 1957இல், கடையிலும் கோயிலிலும் சாதி சொல்லி மறிப்பது குற்றம் எண்டு இலங்கையில் சட்டமே வந்தது. வந்து ஒன்பது வருசம் கழித்தும் ஒரு கிளாஸில் தேத்தண்ணி குடிக்க ஊர்வலம் போகவேண்டியிருந்தது. 1966 ஒக்டோபர் 21, சுன்னாகத்திலிருந்து யாழ்ப்பாணம் நோக்கி. பொலிஸ் அடித்தது. அடுத்த வருசம் தீண்டாமை ஒழிப்பு வெகுஜன இயக்கம். 1968இல் மாவிட்டபுரம் கோயில் வாசல். கே. டானியலின் 'பஞ்சமர்' நாவலை நான் என்ர கட்டுரையில் மேற்கோள் காட்டியிருக்கிறேன். தேத்தண்ணிக் கடைப் போராட்டத்துக்கு ஒரு முழு அத்தியாயம். ஒன்லைனில் சிரட்டையைப் பார்த்து "வடிவாய் இருக்கு" எண்டு கிளிக் பண்ணின விரலும் அதே விரல்தான்.

ஏன் எண்டு யோசித்தேன். கஷ்டமான பதில் ஒன்றும் இல்லை. நாங்கள் வெள்ளாளர். இந்த வசனத்தை எழுதிவிட்டு இரண்டு தடவை அழித்தேன். எங்கட வீட்டில் யாரும் இந்தச் சொல்லை வாயால் சொன்னதில்லை, சொல்லவேண்டிய தேவை வந்ததில்லை. சிரட்டை எங்கட குடும்ப ஞாபகத்தில் தேங்காய்ப்பால், அகப்பை, அடுப்பு. அந்த ஞாபகத்தை "எங்கட மண்" எண்டு பெயர் வைத்து எல்லாருக்கும் பரிமாறினேன்.

அடுத்த நாள் அம்மாவுக்குப் போன் எடுத்து நடந்ததைச் சொன்னேன். அம்மா எல்லாவற்றையும் கேட்டுவிட்டு முதலில் கேட்டது: "ஓ... அப்ப அந்தப் பெடியன் எந்த இடம்?"

தோழர்களே, இந்தக் கேள்வியை உங்களில் யாருக்கும் நான் மொழிபெயர்க்கத் தேவையில்லை. எந்த ஊர், ஊரில் எந்தப் பக்கம், எந்தக் கோயிலடி, இன்னாரைத் தெரியுமோ. நாலு கேள்வியில் ஆளை அளந்துவிடுவார்கள். நான் கத்தினேன். "அம்மா, அவன் உங்களோடை நிண்டு பானை கழுவினவன்!" அம்மாவும் கத்தினா. "நான் என்ன பிழையாக் கேட்டனான்? எங்கட வீட்டிலை உந்தச் சாதி கீதி ஒண்டும் பாக்கிறேல்லை. ஆர் வந்தாலும் சாப்பாடு குடுத்த வீடு எங்கட வீடு." போனை வைத்துவிட்டா.

மூன்று நாள் கதையில்லை. நாலாம் நாள் அம்மாவே எடுத்தா. சுகம் விசாரிக்கவில்லை, நேரே தொடங்கினா. "பிள்ளை, வீட்டுக்குப் பின்பக்கம், கிணத்தடிக்குப் போற வழியிலை, வேலியிலை ஒரு சிரட்டை செருகியிருக்கும். நான் சின்னப் பிள்ளையிலை அதை எடுத்து மண்சோறு காய்ச்சி விளையாடினனான். அம்மம்மா எனக்கு ஒருநாளும் அடிக்காதவ, அண்டைக்கு அடிச்சவ. ஏனெண்டு எனக்கு அப்ப விளங்கேல்லை. அது அவைக்கெண்டு வைச்ச சிரட்டை." கொஞ்ச நேரம் பேசாமல் இருந்துவிட்டு, "ஆர் வந்தாலும் சாப்பாடு குடுத்ததுதான் பிள்ளை. எங்கை வைச்சுக் குடுத்ததெண்டு நான் யோசிக்கேல்லை" எண்டா.

அம்மாவைப் பெரிய ஆளாக்கிக் காட்ட இதை எழுதவில்லை. அன்றைக்குப் பின்னேரமே, ஒரு சொந்தக்காரரின் கலியாணப் பேச்சைப் பற்றிக் கதைக்கும்போது "நல்ல இடம்" எண்டு சாதாரணமாய்ச் சொன்னா. நான் பேசாமல் இருந்தேன், அம்மாவே நாக்கைக் கடித்தா. அந்த அளவில்தான் நிற்கிறோம்.

இப்ப எங்கட குழுவுக்கு வருகிறேன். 2023 மார்ச்சில் ரொறன்ரோ மாவட்டக் கல்விச் சபை பள்ளிகளில் சாதிப் பாகுபாட்டைக் கையில் எடுக்கத் தீர்மானம் நிறைவேற்றினபோது நாங்கள் ஆதரவு அறிக்கை விட்டோம். அதே வருசம் ஒக்டோபரில், சாதிப் பாகுபாடும் மனித உரிமைச் சட்டத்துக்குள் அடங்கும் எண்டு ஒன்ராறியோ மனித உரிமை ஆணைக்குழு நிலைப்பாடு வெளியிட்டபோது போஸ்டர் அடித்துப் பகிர்ந்தோம். அந்த இரண்டையும் எழுதினது நான்தான். ஆனால் குழுவில் முடிவெடுக்கிற 11 பேரில் ஒடுக்கப்பட்ட சாதிகளிலிருந்து வந்தவர்கள் எத்தனை பேர்? எங்களுக்குத் தெரியாது. கேட்டதில்லை. கேட்பதே சாதி பார்ப்பது எண்டு நினைத்துக்கொண்டு, கேட்காமல் இருப்பதைக் கொள்கையாக வைத்திருந்தோம். பிரச்சினை என்னவெண்டால், கேட்காத வீட்டில் எல்லாம் தன்பாட்டில் நடக்கும். யாருடைய அம்மா சமைப்பது, யாருடைய ஊர்ச் சாப்பாடு "எங்கட பண்பாடு" ஆவது, யாருடைய பேஸ்மென்டில் கூடுவது எல்லாம். மூன்று வருசமாய் எங்கட விருந்துகள் எந்தெந்த வீட்டில் நடந்தன எண்டு கணக்குப் பார்த்தேன். ஐந்தே ஐந்து வீடு. இடம் பெரிசு, கார் நிறுத்தலாம் எண்டு காரணம் சொல்லித்தான் தெரிந்தோம். எல்லாம் உண்மையான காரணங்கள்தான். ஐந்து வீடும் ஒரே வகை வீடு.

இன்னொன்றையும் ஒத்துக்கொள்கிறேன். அந்த இரவு நான் கோப்பையை மாற்றினேனே தவிர, பாட்டை நிறுத்தவில்லை. சிரித்த இருவருக்கும் விளக்கவில்லை. விருந்து குழம்பக்கூடாது, புதிதாய் வந்தவர்கள் சங்கடப்படக்கூடாது எண்டு எனக்குள் ஒரு விருந்துக்காரி பயந்தாள். சங்கடம் முழுவதையும் அவன் ஒருவனே சுமந்து பானையோடு சேர்த்துக் கழுவினான். அடுத்த முறை விருந்து குழம்பினால் குழம்பட்டும். 20 பேர் ஒரு பத்து நிமிடம் சங்கடப்பட்டால் செத்துப்போக மாட்டோம்.

வெளியிடுவதற்கு முன் இதை அவனுக்கு அனுப்பினேன். ஊரின் பெயரை எடுக்கச் சொன்னான், எடுத்துவிட்டேன். ஓர் இடத்தில் "பாவம்" எண்டு எழுதியிருந்தேன், அதையும் வெட்டச் சொன்னான். "அப்பப்பா பாவப்பட்ட ஆள் இல்லை அக்கா. பொலிஸ்காரன்ர தொப்பியைத் தட்டி விழுத்தினவர். அதை எழுதுங்கோ." எழுதியாச்சு.

மிச்சச் சிரட்டைகளை என்ன செய்வது எண்டு தெரியவில்லை. 24ம் பெட்டிக்குள் கிடக்கின்றன. எறிந்துவிடு எண்டு சிலர், வைத்து அதைப் பற்றி ஒரு கூட்டம் போடு எண்டு சிலர். அவனிடம் கேட்டேன். "அது உங்கட பிரச்சினை" எண்டான். சரிதான்.

அடுத்த விருந்து டிசம்பர் 26, அவன் இன்னும் மூன்று பெடியளோடு இருக்கிற பேஸ்மென்டில். சமைப்பது அவர்கள். ஆட்டிறைச்சிக் குழம்பும் குத்தரிசிச் சோறும் எண்டு சொல்லியிருக்கிறான், மாட்டிறைச்சியும் இருக்கும். கடைகளில் வேலை செய்கிறவர்களுக்கு அன்றைக்குத்தான் கூடின வேலை, அதனால் இரவு 9:30க்குத் தொடக்கம். இடம் சின்னது, 14 பேருக்கு மேல் அடங்காது. கார் நிறுத்த இடமில்லை, பஸ்ஸில் வாருங்கோ, திரும்பிப் போக இரவு பஸ் இருக்கு. போன முறை வீடியோ எடுத்த தோழரும் பாட்டுப் போட்ட தோழரும் நானும் பாத்திரம் கழுவுவதாக ஏற்கனவே பெயர் குடுத்தாச்சு. அம்மா தானும் வரலாமோ எண்டு கேட்டா. அதை நான் முடிவெடுக்க முடியாது, அவனிடம் கேட்டுச் சொல்லுகிறேன் எண்டு சொன்னேன். அவன் இன்னும் பதில் சொல்லவில்லை.

வர விரும்புகிறவர்கள் டிசம்பர் 15க்குள் இந்த மடலுக்குப் பதில் எழுதுங்கோ. உங்கட சாப்பாட்டுக் கோப்பையை நீங்களே கொண்டு வாருங்கோ, அவர்களிடம் நாலுதான் இருக்கு.